ஆராய்ச்சி மணியும் மோட்டார் ஒலியும்: வாகன உடைமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அறவியல் என்றதும் பெரும் பொருள்களையே எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கொலை, களவு, பொய், போர், துறவு ஆகியன பற்றிப் பேசும் நூல்கள் பல. ஆயின், மனிதனின் அறவுணர்வு பெரும்பாலும் சோதிக்கப்படுவது இத்தகைய பெருந்தருணங்களில் அன்று; நாள்தோறும் அவன் எண்ணாமலே செய்யும் சிறு செயல்களிலேயாம். கொழும்பு போன்றதொரு நகரில் வாழ்வோருக்கு அத்தகைய செயல்களுள் ஒன்று வாகனம் செலுத்துதல். கார் வாங்குவதும், ஓட்டுவதும், பழுது பார்ப்பதும் நம்மவரிடையே பணச் சிக்கல்களாகவே பேசப்படுகின்றன. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், உதிரிப்பாகம் இலகுவிற் கிடைக்குமா, லீசிங் தவணை எவ்வளவு, திரும்ப விற்றால் என்ன விலை போகும் என்பனவே வினாக்கள். இவ்வினாக்கள் தவறானவையல்ல. ஆனால் இவற்றின் அடியில் வேறொரு வினா கேட்கப்படாமலே கிடக்கின்றது: வாகனம் உடையவன், தான் அறியாத, தன்னை அறியாத ஒரு வழிப்போக்கனுக்கு எதனைக் கடன்பட்டிருக்கிறான்?

இவ்வினாவை ஆராயப் புகுமுன் வாகனம் எத்தகைய உடைமை என்பதை நோக்குதல் வேண்டும். வீடு, நகை, நூல், கட்டில் ஆகிய உடைமைகளை ஒருவன் தன் சுவர்களுக்குள் வைத்தே பயன்கொள்ளலாம். காரோ அவ்வாறன்று. வாசலில் நிற்கும்வரை அது இரும்பும் இறப்பருமே. வீதியில் இறங்கிய பின்னரே அது காராகின்றது. அவ்வீதி எல்லோருக்கும் உரியது. எனவே, பொதுவிடத்தில் அன்றிப் பயன்படாத தனியுடைமை என இதனைக் கூறலாம். பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றுவது உண்மையில் மனிதருக்கிடையிலான உறவே என்று கார்ல் மார்க்ஸ் விளக்கினார். கார் விடயத்தில் இவ்வுண்மை கண்கூடு. காரைச் சொந்தமாக்கிக் கொள்பவன் வெறுமனே ஒரு பொருளை வாங்குவதில்லை. வீதியிற் செல்லும் ஆயிரம் பேருடன் ஓர் உறவை வாங்குகிறான். அவ்வுறவுக்கு அவர்களிடம் அவன் ஒப்புதல் கேட்பதில்லை.

இப்பிரச்சினையை நம் முன்னோர் அறியாதவரல்லர். மோட்டார் வண்டிக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தேர்ச்சக்கரத்தை நடுவில் வைத்து இதனை அவர்கள் சிந்தித்துள்ளனர். மனுநீதிச் சோழன் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே கூறுகின்றார். திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் தேரூர்ந்து செல்கையில் பசுவின் கன்றொன்று துள்ளிப் பாய்ந்து சக்கரத்தில் அகப்பட்டு இறக்கின்றது. தாய்ப்பசு அரண்மனை வாயிலிற் கட்டிய ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது. அமைச்சர் பிராயச்சித்தம் கூறுகின்றனர். அரசன் அதனை ஏற்காது, தன் மைந்தன்மேல் தானே தேரூர்கின்றான். இதே கதையை மகாவம்சம் அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளன்மேல் வைத்துக் கூறுவது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அங்கே இளவரசன் திஸ்ஸ வாவிக்குத் தேரிற் செல்கின்றான். வழியில் தாயுடன் படுத்திருந்த இளங்கன்றின் கழுத்தில் அவனறியாமலே சக்கரம் ஏறிவிடுகின்றது. தாய் மணியை இழுக்க, அதே சக்கரத்தால் மகன் தலை துணிக்கப்படுகின்றது. பெரியபுராணத்தில் இறைவன் தோன்றி இறந்தோரை எழுப்புகின்றான். மகாவம்சத்தில் அத்தகைய மீட்பு இல்லை. சைவ நூலொன்றும் பௌத்த நூலொன்றும், தமிழ் மரபும் பாளி மரபும், ஒரே நீதியைத் தேர்ச்சக்கரத்தின் வாயிலாகவே உணர்த்த முற்பட்டமை தற்செயலன்று. விரைந்து செல்லும் ஊர்தியும் அதன் முன் நிற்கும் ஏதிலி உயிரும் என்ற காட்சி, வலிமைக்கும் வலிமையின்மைக்கும் இடையிலான உறவைத் திரையின்றிக் காட்டுகின்றது.

இக்கதைகளில் வரும் தண்டனை இன்று எவருக்கும் ஏற்புடையதன்று. ஏற்புடையதாக இருத்தலும் ஆகாது. ஆனால் அவற்றில் வரும் மணி இன்றும் பொருளுடையது. ஆராய்ச்சி மணி வலியவனின் வாயிலில் தொங்குகின்றது. அதனை அசைக்கும் உரிமை மெலியவனுக்குரியது. அதன் ஒலி கீழிருந்து மேலே செல்வது. இன்று நம் வீதிகளிற் கேட்கும் ஒலி ஹோர்ன் ஒலி. அது வலியவனின் கையில் இருக்கின்றது. மெலியவனை நோக்கி எழுகின்றது. மணி, "எனக்கு நேர்ந்ததைக் கேள்" என்கிறது. ஹோர்ன், "என் வழியை விட்டு விலகு" என்கிறது. ஒலியின் திசை மாறியபோது நீதியின் திசையும் மாறிவிட்டது எனலாம்.

வெள்ளவத்தையில் காலி வீதியைக் காலை வேளையிற் கடக்க முயன்ற எவரும் இதனை அறிவர். 100, 101 ஆம் இலக்கப் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் போட்டியில் வருகின்றன. அவற்றுக்கிடையே முச்சக்கரவண்டிகள் நுழைகின்றன. பாதசாரிக் கடவையின் விளிம்பில் முதியவர் ஒருவர் ஒரு காலை முன்வைத்தும் பின்வாங்கியும் நிற்கின்றார். சட்டப்படி கடவை அவருக்குரியது. நடைமுறையில் அது சாரதியின் கருணைக்குரியது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளிலோ தொடர்மாடி வீடுகள் பெருகிவிட்டமையால் இருமருங்கும் கார்கள் நிறுத்தப்பட்டு, நோயாளர் வண்டியொன்று உட்புக இயலாத இடுக்குகளாக அவை குறுகிவிட்டன. கொட்டாஞ்சேனையின் தன்மை சற்று வேறு. துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் அண்டிய பகுதியாதலால் ஜம்பட்டா வீதியிலும் ஆமர் வீதியிலும் பாரவூர்திகளின் நெருக்கம் மிகுதி. அவற்றின் முன்னே சுமையேற்றிய கைவண்டியைத் தள்ளிச் செல்லும் நாட்டாமைத் தொழிலாளியின் முதுகில் எத்தனை ஹோர்ன்கள் மோதுகின்றன! அவன் விலக முடியாதவன் என்பது ஓட்டுபவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒலிப்பதனால் அவ்வொலி எச்சரிக்கையன்று, அவமதிப்பே ஆகும்.

செலுத்தும் முறை வெளிப்படையாகத் தெரிவது. பராமரிப்போ மறைவானது. அதனாலேயே அறவியல் நோக்கில் அது மேலும் முக்கியமானது எனக் கருதற்பாலது. காருடையோர் செலவு செய்யும் வரிசையைக் கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். குளிரூட்டி பழுதடைந்தால் அன்றே கராஜுக்குக் கொண்டு செல்வர். வர்ணத்தில் கீறல் விழுந்தால் மனம் பதைப்பர். எஞ்சின் ஒயிலை மாற்றுவதையும் பெரும்பாலும் தவறவிடார். ஏனெனில் எஞ்சின் கெட்டால் நட்டம் தமக்கு. ஆனால் தேய்ந்த பிறேக் பட்டைகளும், கோடழிந்த ரயர்களும், ஒளி மங்கிய பின்விளக்கும் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்ற பட்டியலிற் சேர்ந்துவிடுகின்றன. கொழும்பின் நின்று நின்று செல்லும் ஓட்டத்தில் பிறேக் பட்டை விரைவிலேயே தேயும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுமாதலால் காலத்துக்குக் காலம் மாற்றப்பட வேண்டும். கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தையில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். இவையெல்லாம் அறிந்த செய்திகளே. எனினும் செலவு பின்தள்ளப்படுகின்றது. தனக்கு நட்டம் தருவதை முன்னும் பிறருக்கு ஆபத்துத் தருவதைப் பின்னும் திருத்துகின்ற இவ்வரிசை, எவரும் எழுதி வைக்காத ஓர் ஒழுக்கக் கோவையாகும். தனியார் கார் உடையவர் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது காப்புறுதிச் சான்றும் புகைப் பரிசோதனைச் சான்றும் கேட்கப்படுகின்றன. பிறேக்கின் நிலையோ பெரும்பாலும் உடைமையாளரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டுள்ளது.

இங்கு 1976 ஆம் ஆண்டில் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்னும் இரு மெய்யியலாளர் எழுப்பிய விவாதம் நமக்குத் துணைசெய்யும். ஒழுக்கவியல் ஊழ் எனத் தமிழிற் கூறத்தக்க பிரச்சினையை அவர்கள் ஆராய்ந்தனர். இருவருமே பாரவூர்திச் சாரதியை எடுத்துக்காட்டாகக் கொண்டனர். எக்குற்றமும் இன்றி ஒரு சாரதியின் வண்டியில் குழந்தையொன்று அடிபட்டு இறக்குமாயின், அவன்மேற் பழியில்லை. ஆயினும் வேடிக்கை பார்த்து நின்றவனுக்கு இல்லாத ஒரு துயர் அவனுக்கு உண்டு என்றார் வில்லியம்ஸ். நேகல் மேலும் ஒரு படி சென்றார். அச்சாரதி தன் பிறேக்கை அண்மையிற் பரிசோதிக்கத் தவறியிருந்தான் எனக் கொள்வோம். குழந்தை குறுக்கே வந்தால் அவன் உயிர்ப்பழிக்கு ஆளாகின்றான். வராவிட்டால் அவனது தவறு எவருக்கும் தெரியாமலே போகின்றது. இரு நிலையிலும் அவன் செய்த பிழை ஒன்றே. அப்படியாயின் பழியை நிர்ணயிப்பது அவன் செயலா, ஊழா?

இவ்வினாவுக்கு முற்றான விடை காணுதல் எளிதன்று. ஆனால் அதிலிருந்து நமக்குரிய முடிவொன்றைப் பெறலாம். பிறேக்கைத் திருத்தாது வீதியில் இறங்கும் ஒவ்வொரு நாளும் நாம் ஊழிடம் கடன் வாங்குகின்றோம். அக்கடனை அடைக்க நேரின் பெரும்பாலும் அடைப்பது வேறொருவர். இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கின்றனர். அவர்களுட் பாதசாரிகளும், துவிச்சக்கரவண்டி, மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோரும் பலர். ஒன்றும் நேரவில்லை என்பதனாலே நாம் நல்லவர் என்று கொள்வது, கன்று குறுக்கே வராத நாளிற் சென்ற தேரோட்டி தன்னை மெச்சிக்கொள்வது போன்றதே.

இக்கூற்றுக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. "அறம் பேசுவது எளிது, உதிரிப்பாகத்தின் விலை தெரியுமா?" என்று கேட்பர். இம்மறுப்பைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பழைய வாகனங்களே மேலும் பழையனவாகி ஓடின. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்ததனால் உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது. பஞ்சிகாவத்தையிற் பழைய பாகத்தைத் தேடி அலைவது பலருக்கு வேறு வழியின்மையால் நேர்ந்தது. நாளாந்தக் கூலிக்கு முச்சக்கரவண்டி ஓட்டி, லீசிங் தவணையும் கட்டி, பிள்ளையின் பள்ளிச் செலவையும் பார்க்கும் ஒருவனுக்குப் பிறேக் பட்டையின் விலை ஒரு வாரத்து அரிசியின் விலையாகலாம். அவனையும், குளிரூட்டிய காரின் ஒலிபெருக்கிக்குப் பெருந்தொகை செலவிட்டுவிட்டு ரயரை மாற்றாதவனையும் ஒரே தராசில் நிறுப்பது அறமாகாது.

ஆனால் வறுமை பழியைக் குறைக்குமேயன்றி ஆபத்தைக் குறைப்பதில்லை. ஏழையின் தேய்ந்த பிறேக்கும் செல்வனின் தேய்ந்த பிறேக்கும் குழந்தைக்கு ஒன்றே. எனவே கடமை அழிந்துவிடுவதில்லை, அது பகிரப்படுகின்றது. முச்சக்கரவண்டியில் ஏறி, நியாயமான கூலியையும் பேரம்பேசிக் குறைத்து, "கெதியாய்ப் போங்கோ அண்ணை" என்று நெருக்கும் பயணியும் அப்பிறேக்கிற் பங்குடையவனே. பழைய பாகத்தைப் பூட்டிப் புதியதென்று கணக்கெழுதும் கராஜ்காரன் ஒருவன் இருந்தால் அவனும் பங்குடையவன். அவன் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியறியாத வாடிக்கையாளனின் அறியாமை அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருளாகும். கூலிக்கு ஓடும் சிறு வண்டிகளின் பாதுகாப்பை அவற்றை ஓட்டுவோரின் தனிச்செலவு என்றே கருதி ஒதுங்கும் சமுதாயமும் அரசும் பங்குடையன. அன்றியும், வாகன ஒழுக்கத்தில் ஒரு பகுதி பணமின்றியே கைக்கொள்ளத்தக்கது. வேகத்தைக் குறைப்பதற்கும், கடவையில் நிறுத்துவதற்கும், ஒழுங்கையை மறிக்காதிருப்பதற்கும் உதிரிப்பாகம் எதுவும் வேண்டியதில்லை. நேரமே பணமாகிய சாரதிக்கு அதுவும் இழப்பே என்பது உண்மை. எனினும், பிறேக் தளர்ந்துள்ளது என அறிந்தவன் மெல்லச் செல்லுதல் அவனாற் கொடுக்க முடிந்த குறைந்தபட்ச விலையாகும்.

2022 ஆம் ஆண்டு இவ்வினாக்களை வேறொரு வகையில் நம்முன் நிறுத்தியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல் ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. பணம் இருந்தும் எண்ணெய் இல்லை. நிரப்பு நிலையங்களிலிருந்து வரிசைகள் கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டன. மக்கள் வாகனத்திலேயே இரவைக் கழித்தனர். வரிசையிற் காத்திருந்தோருட் சிலர் உயிரும் இழந்தனர். ஜூலையில் அரசு தேசிய எரிபொருள் அட்டையை அறிமுகப்படுத்திற்று. வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றர் என முதலில் அளவு வகுக்கப்பட்டது. 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. குழப்பத்திற்கு அது ஒழுங்கு தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வளவில் அடங்கியிருந்த கருத்தை ஆராய்தல் வேண்டும். அளவு இயந்திரத்தின் பசிக்கு வகுக்கப்பட்டது, மனிதனின் தேவைக்கன்று. ஓட்டிப் பிழைப்பவனுக்கு ஐந்து, உலாவச் செல்பவனுக்கும் இருபது. வாகனமே இல்லாதவனுக்குத் தனியளவு எதுவும் இல்லை. பஸ் வருமா என்று காத்து நிற்பதே அவன் பங்கு. உடையவனின் தேவையே தேவை என்று கருதும் மனப்பாங்கு நெருக்கடிக் காலத்திலும் நம்மைவிட்டு அகலவில்லை.

இவ்வளவும் கூறியதனால், கார் வைத்திருத்தலே தீது என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. கொழும்புத் தமிழரைப் பொறுத்தவரையில் வாகனம் வெறும் ஆடம்பரமாக மட்டும் இருந்ததில்லை. 1983 ஜூலையில் இதே காலி வீதியில் வாகனங்கள் மறிக்கப்பட்டன, அவற்றினின்று பெற்றோல் எடுக்கப்பட்டு வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன, மனிதரும் எரிக்கப்பட்டனர். அதே நாள்களில் சிங்கள அயலவர் பலர் தம் உயிரைப் பணயம் வைத்துத் தமிழ்க் குடும்பங்களைத் தம் வாகனங்களில் மறைத்து ஏற்றிச் சென்று முகாம்களிற் சேர்ப்பித்தனர். ஒரே வீதி, ஒரே எரிபொருள், ஒரே வகையான வண்டி. ஒன்று கொலைக்கும் மற்றொன்று காப்புக்கும் கருவியாயிற்று. கருவியில் அறம் இல்லை, கையாள்பவனிலேயே உண்டு என்று இதனை முடித்துவிடவும் முடியாது. ஏனெனில் அவ்வயலவர் காரை வைத்திருந்ததனாலன்று, அதனைத் தமக்கு மட்டும் உரியதென்று கருதாததனாலேயே காத்தனர். அவர்களது காரின் கதவு பிறருக்காகத் திறந்தது. அன்று அவர்கள் செய்தது நம் அனைவருக்கும் இயலும் என்று கூறத் துணியேன். ஆயினும் நள்ளிரவில் அயல்வீட்டுக் கர்ப்பிணியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் சிறு செயலும் அவ்வறத்தின் தொடர்ச்சியே.

எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் மற்றொரு நிகழ்ச்சியை இங்கு நினைத்தல் தகும். மன்னன் தேரிற் செல்கையில் நுகத்தின் முனை பட்டுத் தூபியொன்றின் கற்கள் பெயர்ந்துவிட்டன. பௌத்தனல்லாத அவன் உடனே தேரினின்றும் இறங்கி, வீதியிற் கிடந்து, தன் தலையைச் சக்கரத்தாற் துணிக்குமாறு வேண்டினான். திருத்திக் கொடுத்தாற் போதும் என அமைச்சர் கூற, பெயர்ந்த பதினைந்து கற்களை மீள வைப்பதற்குப் பதினையாயிரம் கஹாபணம் செலவிட்டான். இன்றைய மொழியிற் கூறின், மூன்றாம் தரப்பினர்க்கு ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு செலுத்தினான். ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அவன் செய்தது வேறு: அவன் இறங்கினான். காப்புறுதி முறை நல்லதே. அது பாதிக்கப்பட்டோர்க்குப் பணவழியில் உதவுகின்றது. ஆயினும் காப்புறுதிக்காரன் வருவான் என்ற துணிவில் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு உள்ளேயே அமர்ந்திருப்பவன், கொடுக்க வேண்டியதன் ஒரு பகுதியையே கொடுக்கின்றான். முல்லைக்கொடிக்குத் தன் தேரை ஈந்த பாரியின் செயலைக் கொடைமடம் என்பர். கொடிக்குத் தேர் வேண்டுமோ என்று கேட்பதும் நியாயமே. எனினும் பாரியும் இறங்கி நடந்தவன் என்பதை மறத்தலாகாது. தேரின் உயரத்திலிருந்து நோக்கின் கொடி வழியிற் கிடக்கும் தடை. தரையில் நின்று நோக்கினாலே அது பற்றுக்கோடின்றித் தவிக்கும் உயிர்.

ஆகவே வாகன உடைமையின் அறத்தை இறங்குதல் என்ற ஒரு சொல்லால் சுருக்கிக் கூறலாம். தன் இருக்கையினின்றும் மனத்தால் இறங்கி, கடவையில் நிற்பவனின் கண்களால் தன் காரை நோக்குதலே அது. அவ்வாறு நோக்குபவனுக்குப் பிறேக்கின் செலவு வீண்செலவாகத் தோற்றாது. தான் அறியாத மனிதருக்குச் செலுத்தும் கடனாகவே தோற்றும். ஹோர்னைத் தொடுமுன் எதிரிலுள்ளவன் விலகக் கூடியவனா என்று அவன் எண்ணுவான். ஒழுங்கையில் நிறுத்துமுன் நோயாளர் வண்டிக்கு வழியுண்டா என்று திரும்பிப் பார்ப்பான்.

1899 முதல் 1960 வரை கொழும்பில் டிராம் வண்டிகள் ஓடின. பலர் ஒன்றாகவே அவற்றிற் சென்றனர். செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் தேரையோ பலர் கூடியே நகர்த்துவர். அக்காலத்துக்கு நாம் திரும்பிச் செல்ல இயலாது. செல்லவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தன்று. நல்ல பொதுப் போக்குவரத்து வளருமாயின் தனிக் காரின் தேவை குறையும். அதற்காகக் குரல் கொடுத்தலும் காருடையோரின் கடமைகளுள் ஒன்றே. அதுவரையில், மனுவின் வாயிலில் இருந்த மணி நம் வீதிகளில் இல்லை. கடவையில் நிற்கும் முதியவரும், கைவண்டி தள்ளும் தொழிலாளியும் அசைப்பதற்கு ஒரு கயிறும் இல்லை. அம்மணியின் ஓசையைத் தன்னுள்ளே கேட்கும் பயிற்சியைச் சாரதி ஒவ்வொருவரும் தாமே பெறுதல் வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையில் இதற்குப் புள்ளிகள் இல்லை. ஆயினும் நாள்தோறும் வீதியில் நாம் எழுதிக்கொண்டிருக்கும் பரீட்சை இதுவேயாகும்.